இசைக் கேள்வி – பதில்: முதலில் எந்த மலோயா?

சென்னையில் இருக்கும் என் அத்தை மகன் கிட்டார் வாசிப்பான். நாட்டுப்புற ராக் என்றால் உயிர். நம் ரெயூனியோன் தீவின் நாட்டுப்புற இசையான மலோயாவில் ஒரு குழுவின் பாட்டை அனுப்பச் சொல்கிறான். ஒன்றே ஒன்றுதான் கேட்பானாம். எதை அனுப்ப?
– வாசகி, சேந்தாந்த்ரே

குழு என்றால் ஸிஸ்காகான்தான். 1979இல் தொடங்கிய குழு. முன்னின்று பாடும் ழில்பேர் புனியா நம் தமிழ் வம்சாவளி. ஆனால் ஒரே பாட்டு என்று கையைக் கட்டிவிட்டால் நான் குழுவை விட்டுவிடுவேன். அலேன் பீட்டர்ஸின் 'ரெஸ்த் லா மலோயா'வை அனுப்புங்கள். ராக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்துவிட்டு மலோயாவுக்கு வந்தவர் அவர் (1952–1995). தாகாம்பா என்ற மேற்கு ஆப்பிரிக்க நரம்பு வாத்தியத்தையும் கையில் எடுத்தார். கிட்டார்க்காரன் காது அங்கேயே நின்றுவிடும்.

அவன் தடுமாறப்போவது தாளத்தில். மலோயா 6/8, அதாவது ஒரு சுற்றுக்கு ஆறு எண்ணிக்கை. புதிதாகக் கேட்பவர்கள் இதை மூன்று தட்டாக எண்ணி, வால்ட்ஸ் என்ற மேற்கத்திய நடனத் தாளம் போல வாசித்துவிடுகிறார்கள், பாட்டு நொண்டும். காலால் இரண்டே தட்டு, ஒவ்வொரு தட்டுக்குள்ளும் ஒரு 'தகிட' என்று சொல்லிக்கொடுங்கள். திஸ்ரம் தெரிந்தவனுக்கு உடனே பிடிபடும். விதை போட்டுக் குலுக்கும் கயாம்ப் என்ற வாத்தியத்தின் ஓயாத சலசலப்பைத்தான் அவன் பிடித்துக்கொள்ள வேண்டும். ரூலேர் என்ற பெரிய முரசின் கனத்த அடியை வைத்து எண்ணினால் வழி தவறும், அது சில நேரம் 'த'வில் விழாது.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் ரூலேரின் அடிநாதம் வராது, வெறும் சலசலப்புதான் மிஞ்சும். கூடவே வாசித்துப் பழகுவதென்றால் வயர் உள்ள ஹெட்ஃபோன்; புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும்.

பள்ளிக் கலைவிழாவுக்குக் கயாம்ப் செய்தோம். குலுக்கினால் 'தொப் தொப்' என்கிறது. அடி பிந்தியும் விழுகிறது. ஏன்?
– வாசகர், சேன் பியேர்

விதையை அள்ளிப் போட்டிருப்பீர்கள். கயாம்பைப் படுக்க வைத்தால் உள்ளே விதை ஒரே அடுக்காகப் பரவ வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஓசை அமுங்கும். ஈரமும் காரணமாகலாம். கரும்புப் பூத்தண்டும் விதையும் நன்றாகக் காயாமல் கட்டினால் மந்தமாகத்தான் கேட்கும். நாலைந்து நாள் வெயில் காட்டிப் பாருங்கள்.

பிந்துவதற்குக் காரணம் கை. நீங்கள் சாய்க்கும்போது ஒலி பிறப்பதில்லை, விதை எதிர்ச்சட்டத்தில் போய் மோதும்போதுதான் பிறக்கிறது. அந்தப் பயண நேரத்தைக் கணக்கில் வைத்துக் கொஞ்சம் முன்பே சாய்க்க வேண்டும். முழங்கையை வீசாதீர்கள். இரு பக்கமும் உள்ளங்கையால் பிடித்து, மணிக்கட்டில் மட்டும் அசைவு.

ஒரு எச்சரிக்கை. வழக்கமாகப் போடும் காஸ்கவேல் நம் குன்றிமணிதான். அதிலுள்ள அப்ரின் கொடிய விஷம். ஓடு உடைந்த விதையை மென்றால் உயிருக்கே ஆபத்து. பள்ளிக்கூடத்துக்கு அது வேண்டவே வேண்டாம், கல்வாழை விதை போடுங்கள். கறுப்பாக, கல் போல இருக்கும், ஓசையும் குறையாது.

ராவான் என்ற மொரிஷியஸ் கைமுரசை வைத்து மலோயா வாசிக்கலாமா?
– வாசகர், ரோஸ் ஹில்

தாராளமாக. மொரிஷியஸின் சேகா இசையின் நடையும் 6/8தான், கைக்குப் புதிதாக இராது. ரூலேரின் கனம் மட்டும் கிடைக்காது. அது மாட்டுத்தோல் போர்த்திய பீப்பாய், மேலே உட்கார்ந்து வாசிப்பது. ராவான் மெல்லிய ஆட்டுத்தோல். மழைநாளில் தொய்ந்துவிடும். கோயிலில் தப்பு மேளத்துக்குச் செய்வதுபோலத் தீயில் சூடு காட்டுங்கள், ஒரே இடத்தில் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே. விரலால் சுண்டிப் பார்த்து, சுருதி ஏறியதும் எடுத்துவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் என்று வைத்தால் தோல் கிழியும். வாசிக்க வாசிக்க மறுபடி இறங்கும், அதனால் நெருப்பை அணைத்துவிடாதீர்கள்.