காரணம் எழுதாத தீர்ப்பு

கேள்வி: அமெரிக்காவில் பொதுமக்களில் 12 பேரை ஜூரியாக உட்கார வைத்து, குற்றவாளியா இல்லையா என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்கிறார்கள். இங்கே எல்லாம் ஒரு நீதிபதியின் கையில். சாதாரண ஜனங்களுக்குச் சட்டம் தெரியாது, நானாவதி வழக்கில் உணர்ச்சிவசப்பட்டுத் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லித்தானே ஜூரி முறையை ஒழித்தார்கள்? அதை மறுபடி கொண்டுவந்தால் என்ன?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால், ஜனங்களுக்குச் சட்டம் தெரியாது என்பதற்காக அல்ல.

ஜூரி சட்டம் சொல்ல வேண்டியதே இல்லை. அது நீதிபதியின் வேலை. இந்தச் சாட்சியை நம்பலாமா, சம்பவம் இப்படித்தான் நடந்திருக்குமா என்று பார்ப்பதுதான் ஜூரியின் வேலை. நாள் முழுக்க நூறு பேரின் சாக்குப்போக்கைக் கேட்கிற பஸ் கண்டக்டருக்கும், சந்தையில் கடை போட்டிருக்கிற அம்மாவுக்கும் ஒருவர் புளுகுகிறாரா என்று கண்டுபிடிக்க வக்கீல் படிப்பு எதற்கு? அவர்களுடைய புத்தியைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது.

நானாவதி விஷயத்தையும் நேராக்கிவிடுகிறேன். கடற்படை கமாண்டர் நானாவதி, தன் மனைவியோடு பழகிய பிரேம் அஹுஜாவை பம்பாயில் சுட்டது 1959 ஏப்ரலில். ஜூரியில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள், ஒருவர் மட்டும் மறுத்தார். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை விழுந்தது, 1961இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ‘பிளிட்ஸ்’ பத்திரிகை வாராவாரம் நானாவதிக்காக வரிந்துகட்டி எழுதியது, கோர்ட் வாசலில் கூட்டம் அலைமோதியது எல்லாம் உண்மைதான். ஆனால் ஜூரி முறையை எடுத்துவிடலாம் என்று சட்ட கமிஷன் 1958இலேயே பரிந்துரை செய்துவிட்டது. அந்த வழக்குக்குப் பிறகும் ஜூரி உடனே மறைந்துவிடவில்லை. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

சரி, அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்? ‘சாதாரண மக்கள்’ என்று சொல்கிறீர்களே, ஜூரிகளுக்கான அந்தப் பெட்டியில் உண்மையில் யார் உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள். 1908இல் திலகர் மீது ராஜத்துரோக வழக்கு. ஒன்பது ஜூரிகளில் ஏழு பேர் ஐரோப்பியர்கள், இரண்டு பேர் இந்தியர்கள். ஏழுக்கு இரண்டு என்று திலகர் குற்றவாளி ஆனார். ஆறு வருஷம் மாண்டலே சிறை. சாட்சியங்களைக் கேட்பதற்கு முன்பே அந்தக் கணக்கு முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். நீங்கள் உதாரணம் காட்டும் அமெரிக்காவில், 1955இல் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லைக் கொன்ற வழக்கில், மிசிசிப்பியில் உட்கார்ந்த 12 பேருமே வெள்ளைக்கார ஆண்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் பேசிவிட்டு, குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேருக்கும் விடுதலை என்றார்கள். கொன்றது நாங்கள்தான் என்று அந்த இருவரும் அடுத்த வருஷமே ஒரு பத்திரிகைக்குச் சொன்னார்கள். ஒருமுறை விடுதலையானவர்களை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது.

இலங்கையில் இன்றும் ஜூரி உண்டு. 2006 நவம்பரில் கொழும்பில் யாழ்ப்பாண எம்.பி. நடராஜா ரவிராஜைச் சுட்டுக் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் சிங்களம் பேசும் ஜூரி வேண்டும் என்றார்கள், கிடைத்தது. 2016 டிசம்பரில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், ஐந்து பேருக்கும் விடுதலை. ஏன் விடுதலை? எந்தச் சாட்சியை நம்பவில்லை? ஒரு வரி கிடையாது. ஜூரி காரணம் சொல்ல வேண்டியதில்லை. என்னை உறுத்துவது இதுதான்.

நீதிபதிகள் மட்டும் யோக்கியமா என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். செஷன்ஸ் கோர்ட் தண்டித்த மிராசுதார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பணக்கார மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்ற பொருளில் தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். படித்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனால், எழுதியிருந்ததால்தானே படிக்கிறோம்? அந்த வரியை எடுத்துக் காட்டித்தானே 50 வருஷமாக அந்தத் தீர்ப்போடு சண்டை போடுகிறோம்? அதையே ஒரு ஜூரி ‘குற்றவாளி இல்லை’ என்ற ஒரே பேச்சில் முடித்திருந்தால், உள்ளே என்ன நினைத்தார்கள் என்பது அந்த அறையோடு போயிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு சாதிக் கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நீதிபதிக்கு வேறு ஊருக்கு மாறுதல் உண்டு, போலீஸ் பாதுகாப்பு உண்டு. ஜூரியாக உட்கார்ந்தவர் மறுநாள் காலையில் அதே தெருவில், அதே டீக்கடைக்குத்தான் போக வேண்டும். கண்ணால் பார்த்த சாட்சிகளே பயந்துபோய்ப் பிறழ் சாட்சியாக மாறுகிற ஊர் இது. ஜூரியை மட்டும் சும்மா விடுவார்களா?

மக்களுக்குத் தீர்ப்பில் பங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கீழ்க் கோர்ட்டுகளில் பல வழக்குகளை ஒரு நீதிபதியும் பொதுமக்களில் இரண்டு பேரும் சேர்ந்து விசாரிக்கிறார்கள். குற்றவாளியா, எவ்வளவு தண்டனை என்று முடிவு செய்யும்போது மூவருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு, அதனால் அந்த இரண்டு பேரை நீதிபதியால் ஒதுக்கிவிட முடியாது. முடிவுக்கான காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். இங்கே அப்படி ஒரு ஏற்பாடு வருமானால், இரண்டு நாற்காலியில் ஒன்றிலாவது அந்த ஊர்ச் சேரியிலிருந்து ஒருவர் உட்கார வழி இருக்குமானால், நான் முழு மனதோடு ஆதரித்து எழுதுவேன்.