ஆன்டெனா நீளத்தைப் பார்த்து ரேடியோ வாங்காதீர்கள்

கே: மகள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் ரேடியோவில் ராத்திரியில் சென்னை 720 வருகிறது. பக்கத்திலிருக்கும் திருச்சி 936 வரவே மாட்டேன் என்கிறது. செட் பழுதா? (கும்பகோணம்)

ப: பழுதில்லை. அமெரிக்காவில் ஏஎம் (மத்திய அலை) நிலையங்களுக்கு இடையே 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, இங்கே 9. உங்கள் செட் 930-லிருந்து நேராக 940-க்குத் தாவிவிடுகிறது. 720 இரண்டு கணக்கிலும் அடங்குவதால் கிடைக்கிறது. பல செட்களில் 9/10 மாற்றிக்கொள்ள வழி உண்டு, கூட வந்த கையேட்டைப் பாருங்கள்.

கே: ஒரு மீட்டர் ஆன்டெனா என்று சொல்லித்தான் விற்றார்கள். முழுக்க இழுத்துவிட்டும் ஏஎம் கரகரக்கிறது. (தேனி)

ப: கடைக்காரர்கள் இதைச் சொல்லி விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தக் கம்பி எஃப்எம்முக்கும் சிற்றலைக்கும்தான். ஏஎம்மை இழுப்பது பெட்டிக்குள் படுத்திருக்கும், செம்புக்கம்பி சுற்றிய கறுப்பு ஃபெரைட் தண்டு. அது நீளமாக இருந்தால்தான் தூரத்து நிலையம் கேட்கும். என் தலையிலும் இப்படி ஒரு செட்டைக் கட்டினார்கள். திறந்து பார்த்தால் தண்டு சுண்டுவிரல் அளவுகூட இல்லை. தண்டின் முனை நிலையத்தை நோக்கியிருந்தால் ஒலி அமுங்கும். அதனால் ரேடியோவையே மெல்லத் திருப்பிப் பாருங்கள். அப்புறம் எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். பாதி கரகரப்பு அவற்றால்தான்.

கே: 'ஏஎம்/எஃப்எம்' என்று போட்டிருந்ததால் அப்பாவுக்காக ஆன்லைனில் ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன். வந்ததில் எஃப்எம் மட்டும்தான். திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். (திருநெல்வேலி)

ப: உங்கள்மேல் எந்தத் தவறும் இல்லை. விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை மாற்றிவிடுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். விட்டுவிடாதீர்கள்.

கே: அந்த நாளில் இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்டது என்கிறார் வேதாரண்யத்து அப்பா. திருச்சிதான் என்கிறார் கரூர் மாமா. யார் சொல்வது சரி? (தஞ்சாவூர்)

ப: இரண்டு பேரும் சரி. உப்புத் தண்ணீர்மேல் ஏஎம் அலை அதிகம் தேயாமல் போகும். காய்ந்த நிலத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். கடற்கரைக்காரருக்கு இலங்கை, கடலைவிட்டு உள்ளே இருப்பவருக்குத் திருச்சி. இருட்டியபின் அலைகள் வானத்தில் உயரே இருக்கும் அயனி மண்டலம் என்ற மின்னேற்ற அடுக்கில் பட்டுத் திரும்புவதால் எங்கேயோ இருக்கும் நிலையமெல்லாம் வரும். ஆகவே செட் வாங்குவதாக இருந்தால் பகலில் போய், கடை விளக்குகளை விட்டு வெளியே கொண்டுவந்து கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கே: பில் வேண்டாமென்றால் 100 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார்கள். வாங்கிய ஒரே மாதத்தில் ரேடியோ ஊமையாகிவிட்டது. என்ன செய்யலாம்? (சேலம்)

ப: மெக்கானிக்கிடம் கொடுங்கள்.