கொலோசியம் முதல் மாச்சு பிச்சு வரை: புறப்படும் முன் கேட்ட கேள்விகள்

பழங்காலச் சின்னங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் ஒன்று. விமானம், விடுதி எல்லாம் போட்டுவிட்டு நுழைவுச்சீட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்வது பழைய வழக்கம். இப்போது அப்படிச் செய்தால் வாசல் வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான், இந்த மணிக்குத்தான் என்று பல இடங்களில் வரம்பு வந்துவிட்டது. ஏதென்ஸின் அக்ரோபோலிஸில் நாளொன்றுக்கு 20,000 பேர், இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரத்திலும் 20,000 பேர். இந்தோனேசியாவின் போரோபுதூர் பௌத்தச் சின்னத்தின் மேல் அடுக்குகளுக்கு 1,200 பேர்தான். எந்த நாள், எந்த மணி என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றி அமையட்டும்.

கேள்வி: ரோமின் கொலோசியத்துக்கு அதிகாரப்பூர்வத் தளத்தில் டிக்கெட் இல்லை என்று காட்டுகிறது. வேறு தளங்களில் இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். வாங்கிவிடலாமா?

முதலில் உங்கள் தேதியைப் பாருங்கள். அங்கே டிக்கெட் 30 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். அதற்கு முன்னால் தேடினால் இல்லை என்றுதான் வரும். திறக்கும் நாளன்று ரோம் நேரத்தைக் கணக்கிட்டுத் தயாராக உட்காருங்கள். டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். அதனால் பெயரைச் சுருக்காமல் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே போடுங்கள்.

இடைத்தரகர்கள் மொத்தமாக அள்ளிக்கொள்வது உண்மையான பிரச்சினைதான். தானியங்கி மென்பொருள் வைத்து டிக்கெட்டுகள் வாங்கப்பட்டது தொடர்பாக, 2025-ல் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் சில நிறுவனங்களுக்குக் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. உங்களுக்குக் கிடைக்கவே இல்லையென்றால், வெறும் டிக்கெட்டுக்கு இரட்டிப்பு விலை தராதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல வழிகாட்டியோடு கூடிய சுற்றுலாவாக வாங்குங்கள். கொடுத்த பணத்துக்கு அப்போது பொருள் இருக்கும். "வரிசையில் நிற்க வேண்டாம்" என்ற விளம்பரத்தை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் பொது.

மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்று கேட்டிருப்பீர்கள். உண்மைதான், ஆனால் அன்று கூட்டத்தில் நிம்மதியாக எதையும் பார்க்க முடியாது.

கேள்வி: அக்கா, ஜோர்டானின் தலைநகர் அம்மானிலிருந்து ஒரே நாளில் பெட்ரா போய் வரலாம் என்று டூர் போடுகிறார்கள். போதுமா?

கருவூலம் எனப்படும், பாறையில் குடைந்த அந்தப் புகழ்பெற்ற முகப்பின் முன் நின்று படம் எடுக்கப் போதும் தம்பி. பெட்ராவைப் பார்க்கப் போதாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்மானிலிருந்து சாலையில் சுமார் மூன்று மணி நேரம், திரும்ப மூன்று மணி நேரம். உள்ளே சிக் என்ற பாறைப் பிளவு மட்டுமே 1.2 கிலோமீட்டர். அதன் முடிவில் கருவூலம். அதைத் தாண்டி அரங்கம், அரச கல்லறைகள், தூண் வரிசைத் தெரு. அதற்கும் அப்பால், பாறையில் வெட்டிய சுமார் 800 படிகள் ஏறினால்தான் மடாலம் எனப்படும் அத்-தேர் வரும். என்னைக் கேட்டால் கருவூலத்தைவிட அதுதான் பிரமிப்பு. அதோடு இன்னொரு விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. போகும்போது சிக் இறக்கம், சோர்ந்து திரும்பும்போது அதுவே ஏற்றம்.

இரண்டு நாள் ஒதுக்குங்கள். டிக்கெட் விலையும் அதையேதான் சொல்கிறது: ஒரு நாளுக்கு 50 தினார், இரண்டு நாளுக்கு 55, மூன்று நாளுக்கு 60. ஜோர்டானில் ஒரு இரவும் தங்காமல் வந்து போகிறவர்களுக்கு 90. நாட்டில் குறைந்தது மூன்று இரவு தங்குவதாக இருந்தால் ஜோர்டான் பாஸைக் கிளம்பும் முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள். விசாக் கட்டணமும் பெட்ரா நுழைவும் அதிலேயே அடங்கிவிடும்.

குளிர்காலத்தில் போனால் வானிலை எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். தூரத்து மலையில் பெய்யும் மழை சிக்கில் வெள்ளமாக வரும். 1963-ல் அப்படி வந்த வெள்ளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்துபோனார்கள். மூடியிருக்கிறது என்று சொன்னால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: பெரு நாட்டின் மாச்சு பிச்சுவில் மூச்சுத் திணறும் என்கிறார்களே? அப்புறம் டிக்கெட்டில் சர்க்யூட் 1, 2, 3 என்று என்னென்னவோ இருக்கிறது, எதை எடுப்பது?

மூச்சுத் திணறல் பெரும்பாலும் மாச்சு பிச்சுவில் வருவதில்லை, குஸ்கோவில்தான் வரும். மாச்சு பிச்சு சுமார் 2,430 மீட்டர் உயரம். விமானம் இறங்கும் குஸ்கோ நகரமோ ஏறத்தாழ 3,400 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து நேரே அங்கே போய் இறங்குவதுதான் தலைவலி, குமட்டல், தூக்கமின்மைக்குக் காரணம். எளிய வழி, குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல் புனிதப் பள்ளத்தாக்குக்குக் கீழிறங்கிவிடுவது. ஒயந்தாய்தாம்போ சுமார் 2,800 மீட்டர்தான், ரயிலும் அங்கிருந்தே கிடைக்கும். மாச்சு பிச்சுவை முதலில் பார்த்துவிட்டு, உடல் பழகிய பிறகு குஸ்கோவுக்குத் திரும்பி வந்து நகரத்தைப் பாருங்கள். இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

சர்க்யூட் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உள்ளே ஒருவழிப் பாதை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற முடியாது. நாம் எல்லோரும் படத்தில் பார்த்திருக்கும் அந்த மேலிருந்து பார்க்கும் காட்சி 1-இலும் 2-இலும் உண்டு. 1-இல் நகரத்துக்குள் இறங்க முடியாது. 2-இல் காட்சியும் உண்டு, கோயில்களுக்கு நடுவே நடையும் உண்டு. முதல் முறை போகிறவர்களுக்கு 2 தான். உவாய்னா பிச்சு மலை ஏறும் டிக்கெட் 3-ஐச் சேர்ந்தது. அதை மட்டும் வாங்கினால் அந்தப் புகழ்பெற்ற மேல் காட்சி கிடைக்காது. இரண்டும் வேண்டுமானால் இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும்.

அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். வாசலுக்கு வெளியேதான் கழிப்பறை, உள்ளே கிடையாது. நடந்து போகும் இன்கா பாதை பராமரிப்புக்காகப் பிப்ரவரி முழுவதும் மூடியிருக்கும்.

கேள்வி: எகிப்தின் கீசாவில் பெரிய பிரமிடுக்குள் போகத் தனி டிக்கெட் வாங்குவது வீணா?

எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரிய பிரமிடு என்பது மன்னர் குஃபுவுடையது; அதற்குள் ஓவியம் இல்லை, எழுத்து இல்லை, புதையல் இல்லை. சுமார் 1.2 மீட்டர் உயரமே உள்ள சரிவுப் பாதையில் குனிந்தபடி ஏற வேண்டும். திடீரென்று அது பெருங்கூடமாக விரியும். எட்டரை மீட்டர் உயரம், மேலே போகப் போகக் குறுகும் சுவர்கள். அதன் முடிவில் கருங்கல் அறை, அதில் மூடியில்லாத வெறும் கல் பேழை. உள்ளே புழுக்கமாக இருக்கும். மூடிய இடங்களில் பதற்றம் வருபவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் போகவே வேண்டாம். மற்றபடி 4,500 ஆண்டுக்கு முந்தைய கட்டுமானத்தின் நடுவயிற்றில் நிற்கும் அந்த உணர்வுக்காகவே போகலாம். எனக்கு அது போதும்.

சுவர் முழுக்கச் சிற்பமும் நிறமும் வேண்டும் என்றால் அந்தப் பணத்தைச் சக்காராவில் செலவழியுங்கள். ஜோசரின் படிப் பிரமிடும் அங்கேதான். அதிகாரிகளின் கல்லறைகளில் மீன் பிடிப்பது, மாடு ஓட்டுவது, விருந்து என்று அன்றாட வாழ்க்கை அத்தனையும் செதுக்கியிருக்கும். பிரமிடுக்குள் இறங்கும் அனுபவம் மட்டும் போதும் என்றால் தஹ்ஷூரின் சிவப்புப் பிரமிடு இருக்கிறது. அங்கே கூட்டம் மிகக் குறைவு.

லக்சரில் உள்ள மன்னர் பள்ளத்தாக்குக்கும் போவீர்கள் என்றால், சாதாரண டிக்கெட்டில் மூன்று கல்லறைகள்தான். துட்டன்காமுன் கல்லறைக்குத் தனிக் கட்டணம். அது சிறியது, அதிலிருந்த பொருள்கள் இப்போது கீசாவின் பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவருடைய உடல் மட்டும் அங்கேயே இருக்கிறது. ஓவியம் பார்க்கத்தான் ஆசை என்றால், முதலாம் சேத்தியின் கல்லறை திறந்திருந்தால் அதற்குக் கொடுங்கள்.

கேள்வி: ஒட்டகக்காரர்கள், "இன்று மூடியிருக்கிறது" என்று சொல்லும் ஆட்கள்... இவர்களை எப்படிச் சமாளிப்பது?

மூடியிருக்கிறதா என்பதை டிக்கெட் ஜன்னலில் மட்டும் கேளுங்கள். தெருவில் யார் சொன்னாலும் நிற்காமல் நடங்கள். சவாரி வேண்டுமென்றால் எவ்வளவு நேரம், எங்கே வரை, ஏறி இறங்குவது சேர்த்து எவ்வளவு என்பதை முதலிலேயே பேசி, இறங்கிய பிறகே பணம் கொடுங்கள். இலவசம் என்று கையில் எதைத் திணித்தாலும் வாங்காதீர்கள். இன்னொன்று: காயம் பட்ட, எலும்பு தெரியும் விலங்குகள் மீது ஏறாதீர்கள். பெட்ராவின் மடாலத்துப் படிகளில் கழுதைகள் படும் பாட்டைப் பார்த்தால் உங்களுக்கே ஏற மனம் வராது.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. எந்த இடங்களுக்கு அழைத்துப் போகலாம்?

பயப்பட வேண்டாம், நிறைய இடங்கள் இருக்கின்றன. கொலோசியத்தில் லிஃப்ட் உண்டு. பொம்பெயில் சக்கர நாற்காலி போகும்படி ஒரு பாதையையே தனியாக அமைத்திருக்கிறார்கள். பெட்ராவில் வாசலிலிருந்து கருவூலம் வரை மின்வண்டி ஓடுகிறது. அக்ரோபோலிஸின் வடக்குப் பக்கத்தில் நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கு மட்டுமான லிஃப்ட் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள். தாஜ்மஹாலில் சக்கர நாற்காலியும் மின்வண்டியும் கிடைக்கும், வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. சீனப் பெருஞ்சுவரில் முத்தியன்யூ பகுதிக்குக் கேபிள் கார் போகிறது. ஆனால் மேலே சுவரில் நடக்கப் படிகள் இருக்கும், ஒரு காவல் கோபுரத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு என்று போங்கள். மாச்சு பிச்சுவும் அங்கோர் வாட்டின் உச்சி அடுக்கும் அவருக்கு வேண்டாம்.

கேள்வி: கம்போடியாவின் அங்கோர் வாட்டில் சூரிய உதயம் பார்த்தே ஆக வேண்டுமா?

பார்க்கலாம், அழகுதான். அங்கோர் வாட் மேற்கு நோக்கிய கோயில், அதனால் உதயத்தில் கோபுரங்கள் கருநிழலாகத்தான் தெரியும். கோயிலின் முகத்தில் வெளிச்சம் விழுவது பிற்பகலில். நான் சொல்வது இது: உதயம் முடிந்த கையோடு குளக்கரைக் கூட்டம் காலை உணவுக்குக் கலையும். நீங்கள் கலையாதீர்கள், நேரே உள்ளே போய்விடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் சுற்று மண்டபங்கள் கிட்டத்தட்ட உங்களுக்கே. மேற்கு மண்டபத்தின் தென்பாதியில் குருட்சேத்திரப் போர், வடபாதியில் இலங்கைப் போர், கிழக்கு மண்டபத்தின் தென்பாதியில் பாற்கடல் கடைதல். கதை தெரிந்த நமக்கு ஒவ்வொரு முகமும் பேசும். இங்கே ஒரு நாளாவது வழிகாட்டி வைத்துக்கொள்வது நல்லது. பெருஞ்சுவருக்கு அது தேவையில்லை. ரோமானிய மன்றத்துக்கு (ரோமன் ஃபோரம்) கட்டாயம் தேவை, இல்லையென்றால் உடைந்த தூண்களாகவே தெரியும்.

தோளும் முழங்காலும் மறையும் உடை அணியுங்கள். பாஸ் 1, 3, 7 நாட்களுக்கு உண்டு. 3 நாள் பாஸை 10 நாட்களுக்குள் எந்த மூன்று நாட்களிலும் பயன்படுத்தலாம் என்பதால் நடுவே ஓய்வெடுக்க வசதி.

வெளிச்சக் கணக்கு மற்ற இடங்களுக்கும் பொருந்தும். பெட்ராவின் கருவூலத்துக்குக் காலை, மடாலத்துக்குப் பிற்பகல். எகிப்தின் அபு சிம்பெல் கோயில் கிழக்கு நோக்கியது, விடிகாலையில் போக வேண்டும்.

கேள்வி: ஜூலையில்தான் விடுமுறை. ஏதென்ஸும் பொம்பெயும் தாங்குமா?

காலை முதல் நுழைவு நேரத்தை எடுத்தால் தாங்கும். கடும் வெப்ப அலையின்போது அக்ரோபோலிஸை நண்பகலிலிருந்து சில மணி நேரம் மூடிவிடுகிறார்கள், அதனால் மதிய டிக்கெட் எடுக்காதீர்கள். பல கோடிக் கால்கள் பட்டுப் பட்டு அங்கே சலவைக்கல் வழுக்கும், ரப்பர் அடி உள்ள காலணி அவசியம். குதிகால் உயர்ந்த செருப்புக்கு அனுமதியே இல்லை. பொம்பெயில் நிழல் அரிது. குடிநீர்க் குழாய்கள் ஆங்காங்கே உண்டு, காலிப் பாட்டிலோடு போங்கள். பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள்.

கேள்வி: எட்டு வயதுப் பையனுக்கு எது பிடிக்கும்?

பொம்பெய். வண்டிச் சக்கரம் தேய்த்த தடம், தெருவைக் கடக்க வைத்த உயரமான கற்கள், வாசலில் நாய்ச் சித்திரம் என்று அவனே தேடிக் கண்டுபிடிக்க நிறைய இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். முத்தியன்யூவில் சுவரிலிருந்து கீழே இறங்கச் சறுக்கு வண்டி உண்டு, அதையும் விட மாட்டான்.

கேள்வி: இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் கற்களுக்குப் பக்கத்திலேயே விட மாட்டார்களாமே? அப்படியானால் எதற்குப் போவது?

சாதாரண டிக்கெட்டில் கயிறு கட்டிய பாதையில் சுற்றி வருவதுதான். ஆனால் பொது நேரத்துக்கு முன்னும் பின்னும், விடிகாலையிலும் மாலையிலும், சிறு குழுக்களைக் கல்வட்டத்துக்குள்ளேயே விடுகிறார்கள். அதற்குத் தனி முன்பதிவு, இடங்கள் குறைவு, பல மாதங்களுக்கு முன்பே தீரும். ஆண்டின் மிக நீண்ட பகலும் மிக நீண்ட இரவும் வரும் நாட்களில் இலவசமாகவே உள்ளே போகலாம், ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். பார்வையாளர் மையத்திலிருந்து கற்கள் சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரம். பேருந்து விடுகிறார்கள், மழை இல்லையென்றால் போகும்போது நடந்தே போங்கள். வழியில் வெண்கலக் காலத்துப் புதைமேடுகள் தெரியும், பேருந்தில் போகிறவர்கள் அவற்றைக் கவனிப்பதே இல்லை.