ஓசோன் மெஷின் வச்சா வீட்டு நாத்தம் போகுமா? கேட்டவங்களுக்கு ஒரே மூச்சுல பதில்

வீடு, கார், தீப்புடிச்ச கட்டடம்னு வாடை எடுக்குற வேலைதான் என் பொழப்பு, அதனால ஓசோன் வாயுவைக் கக்கி வாடையை எடுக்குற ஓசோன் மெஷின் பத்தி கேட்டதையெல்லாம் ஒன்னா சேத்து பதில் போடுறேன். முன்னாடியே ஒன்னு சொல்லிடுறேன், மெஷின் ஓடுற ரூம்ல உசுருள்ள எதுவும் இருக்கக்கூடாது, ஆளு, நாய், பூனை, கிளி, தொட்டிச்செடி எதுவுமே. இதுல பேரம் பேசுறவங்க மெஷின் பக்கமே போகாதீங்க.

கேள்வி: சார், ஓசோன் வானத்துல நம்மள காப்பாத்துதுன்னு படிச்சோம், அது எப்படி ரூம்ல கெடுதல் ஆகும்?

மேல இருக்குறது நம்ம மூச்சுக்கு எட்டாத உயரத்துல நின்னு புற ஊதாக் கதிரைத் தடுக்குது, அங்க இருக்குற வரைக்கும் நல்லதுதான். ஆக்சிஜன்ல ரெண்டு அணு, ஓசோன்ல மூணு. அந்த மூணாவது ஒட்டி நிக்காது, கெடைச்சதுல போய் ஏறி அதை உடைக்கப் பாக்கும். வாடை குடுக்குற மூலக்கூறு மாட்டுனா வாடை போகும், உங்க நுரையீரல் மாட்டுனா இருமல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல். ஆஸ்துமா இருக்குறவங்களுக்குக் கொஞ்சமே போதும். எது நாத்தம் எது நுரையீரல்னு அதுக்குத் தெரியாதுல்ல.

கேள்வி: அண்ணே, மெஷின்ல மணிக்கு 5,000 மில்லிகிராம்னு போட்டிருக்கு. சின்ன ரூமுக்கு எவ்ளோ நேரம் ஓட்டணும்? ராத்திரி பூரா விட்டுடலாமா?

விடாதீங்க தம்பி. கணக்கு போட்டுக் காட்டுறேன், அப்புறம் நீங்களே சொல்லுங்க. 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம்னு வச்சுக்குவோம், அது சுமாரா 28 கன மீட்டர். ஓசோன் 1 பிபிஎம்னா, அதாவது காத்துல பத்து லட்சத்துல ஒரு பங்குன்னா, கன மீட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம், அப்போ ரூம் முழுக்க 1 பிபிஎம் ஆக 56 மில்லிகிராம் போதும். உங்க மெஷின் நிமிஷத்துக்கு 83 மில்லிகிராம் கக்குது. அமெரிக்காவுல 8 மணி நேர வேலைக்கு ஓஷாங்குற தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு வச்சிருக்குற சராசரி வரம்பு 0.1 பிபிஎம், அதை எட்ட சுமாரா நாலு செகண்டு போதும். 5 பிபிஎம்னா உயிருக்கே உடனடி ஆபத்துன்னு அங்க இருக்குற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நியோஷ் வச்சிருக்கு, அதுக்கு மூணரை நிமிஷத்துக்கும் கம்மி. இது பேப்பர் கணக்குதான், சுவரும் துணியும் கொஞ்சத்தைத் தின்னுடும், மெஷினும் எழுதியிருக்குற அளவுக்குக் கக்காது, அதனால நிஜத்துல மெதுவா ஏறும், ஆனா எந்தப் பக்கம் போகுதுன்னு புரியுதுல்ல?

நான் சின்ன ரூமுக்கு 20, 30 நிமிஷத்துல ஆரம்பிப்பேன். டைமர் போட்டு, ஃபேனை ஓட விட்டு, மெஷினை உயரமா ஸ்டூல் மேல வைப்பேன், ஏன்னா ஓசோன் காத்தை விடக் கனம், கீழ இறங்கும். கதவிடுக்குல டேப் ஒட்டிட்டு வெளிய வந்துடணும், வெளியன்னா பக்கத்து ரூம் இல்ல, வீட்டை விட்டே. முடிஞ்ச பிறகு ரெண்டு மூணு மணி நேரம் சும்மா விட்டா பெரும்பாலும் அதுவே ஆக்சிஜனா மாறிடும். அப்புறம் மூச்சைப் புடிச்சுக்கிட்டு விறுவிறுன்னு போய் ஜன்னலைத் திறந்துட்டு வெளிய வந்துடுங்க, நல்லா காத்தோடி நெடி முழுசா போன பிறகுதான் உள்ள தங்கணும். பத்தலைன்னா மறுநாள் இன்னொரு ரவுண்டு. ஒரே தடவையில கொட்டித் தீக்கணும்னு நினைச்சா ரப்பரும் துணியும்தான் போகும்.

கேள்வி: மாஸ்க் போட்டுட்டு உள்ளயே இருக்கலாமா?

கூடாது. என்95 தூசுக்கு, கேஸுக்கு இல்ல.

கேள்வி: வாங்குன வீட்டுல முன்னாடி இருந்தவர் வருஷக்கணக்கா சிகரெட் புடிச்சிருக்கார். பெயிண்ட் அடிச்சும் வாடை வருது. ஓசோன் போட்டா தீருமா சார்?

எனக்கு அதிகம் வர்ற கேஸ் இதுதான். ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கி கதவுக்கு மேல சுவர்ல ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க, டீ டிகாஷன் கலர்ல கறை வந்துச்சுன்னா அது தார். புகை போயிடுச்சு, தார் போகல, வெக்கையும் ஈரமும் ஏறுன நாள்ல அதுதான் திரும்ப வாடை விடுது. ஓசோன் மேல்பூச்சை மட்டும்தான் தொடும், அடியில இருக்குறது ரெண்டு வாரத்துல எட்டிப் பாக்கும். போதாததுக்கு நிகோட்டின் மேல ஓசோன் பட்டா கண்ணுக்குத் தெரியாத நுண்துகளா மாறி காத்துல மிதக்கும்.

அதனால முதல்ல சீலிங்ல ஆரம்பிச்சு சுவர் பூரா டிடர்ஜென்ட் தண்ணி வச்சுக் கழுவுங்க, தண்ணி கலங்காம வர்ற வரைக்கும். ஃபேன் இறக்கை மேல்பக்கம், ஸ்விட்ச் போர்டு ஓரம், ஏசி காயில், ஃபில்டர் எதையும் விடாதீங்க. கர்ட்டன், கார்ப்பெட் பழசுன்னா தூக்கிப் போட்டுடுங்க. காஞ்ச பிறகு ஷெல்லாக் ப்ரைமர், அதாவது அரக்குல செஞ்ச அடிப்பூச்சு, ஒரு கோட்டு, அது வாடையை உள்ளயே அடைச்சு வச்சுடும், சாதா எமல்ஷன் அதைச் செய்யாது, உங்களுக்கு வாடை திரும்ப வந்ததும் அதனாலதான் இருக்கும். இதெல்லாம் முடிச்சும் ஏதாச்சும் மிச்சம் இருந்தாத்தான் ஓசோன். பாதி வீட்டுல அந்தக் கட்டமே வராது.

கேள்வி: பூனை மெத்தையில மூத்திரம் போயிடுது. கழுவிட்டேன், மழை பெஞ்சா நாறுது.

யூரிக் ஆசிட் உப்பு படிஞ்சு கெடக்கு, தண்ணியில லேசுல கரையாது, ஈரம் பட்டா திரும்ப வாடை கிளம்பும். ஓசோன் மெத்தைக்குள்ள அவ்ளோ ஆழம் போகாதுமா. என்ஸைம் க்ளீனர் வாங்கி, மூத்திரம் எவ்ளோ ஊறிச்சோ அவ்ளோ ஊத்தி, பாட்டில்ல சொன்ன நேரம் காயாம வச்சிருங்க. எந்த இடம்னு தெரியலைன்னா இருட்டுல யுவி டார்ச் அடிச்சுப் பாருங்க, மஞ்சளா மின்னும்.

கேள்வி: சுவர்ல பூஞ்சை, மக்குன வாடை. ஓசோன் கொல்லும்னு சொல்றாங்களே?

தண்ணி எங்கேர்ந்து கசியுதுன்னு கண்டுபுடிக்காம எது போட்டாலும் ஓட்டைக் குடத்துல தண்ணி புடிக்கிற கதைதான். சுவருக்குள்ள வேர் விட்டிருக்குறதை ஓசோன் கொல்லாது, மேல செத்துப் போறதும் அங்கயேதான் கெடக்கும், செத்த பூஞ்சைக்கும் அலர்ஜி வரும். கசிவை அடைங்க, காய வைங்க, பூசணம் புடிச்ச பூச்சைச் சுரண்டி எடுங்க.

கேள்வி: அப்போ எதுக்குத்தான் இது ஆகும்?

வாடைக்குக் காரணமானதை அகத்தியாச்சு, ஆனா வாடை மட்டும் போகல, அப்பதான். தீப்புடிச்ச வீட்டுல கரியெல்லாம் துடைச்ச பிறகு, எலி செத்த இடத்தைச் சுத்தம் பண்ண பிறகு, கார்ல, இப்படி. கார்னா முதல்ல கேபின் ஃபில்டர் மாத்துங்க, ஏசி ஃபேன் உள்காத்தையே சுத்தி விடுற ரீசர்குலேஷன்ல ஓடட்டும், கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு 15 நிமிஷம் போதும், நீங்க வெளிய.

கேள்வி: போட்டு முடிச்சாச்சு, பழைய வாடை போச்சு, இப்ப என்னமோ கெமிக்கல் மாதிரி புதுசா ஒரு நெடி. ரூம் ஃப்ரெஷ்னர் அடிச்சா கொறையுமா அண்ணே?

அடிச்சுடாதீங்க! எலுமிச்சை, ஆரஞ்சு மணம் உள்ள ஃப்ரெஷ்னர்ல லிமோனீன் இருக்கும், மிச்சமிருக்குற ஓசோன் அதோட சேந்தா ஃபார்மால்டிஹைடுங்குற நச்சு வாயு உண்டாகும். இப்ப வர்ற நெடி கார்ப்பெட், பெயிண்ட்ல இருந்த எண்ணெய்ச் சத்தை ஓசோன் உடைச்சதுல வந்த ஆல்டிஹைடுங்குற நெடியுள்ள கெமிக்கலா இருக்கும், இல்ல ஓசோனே இன்னும் போகாம இருக்கும். ரெண்டுக்கும் ஒரே வைத்தியம், ஜன்னலைத் திறந்து ஃபேனை வெளிப்பக்கமா ஓட விடுங்க. ரெண்டு மூணு நாள் ஆனாலும் ஆகட்டும்.

கேள்வி: ஏர் ப்யூரிஃபையர்னு சொல்லி ஒன்னு வாங்குனேன், ஓசோன் வரும்னு உள்ள எழுதியிருக்கு. ஸ்லோவுல வச்சா எந்நேரமும் ஓட்டலாம்ல?

வேண்டாம். ஆளு இருக்கலாம்ங்குற அளவுக்குக் கொறைச்சா வாடையை ஒன்னும் பண்ணாது, வாடையை அடிக்கிற அளவுக்கு ஏத்துனா ஆளு இருக்கக்கூடாது, நடுவுல ஒரு நல்ல அளவே கெடையாது. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈபிஏவும் இதைத்தான் சொல்லுது. கலிஃபோர்னியாவுல 0.05 பிபிஎம்முக்கு மேல ஓசோன் விடுற வீட்டு ப்யூரிஃபையரை விக்கவே கூடாது. மூக்கை நம்பி ஓட்டலாம்னும் பாக்காதீங்க, கொஞ்ச நேரத்துல மூக்குக்குப் பழகிடும், வாடை தெரியாது, கேஸ் இருக்கும். நுண்தூசு புடிக்கிற ஹெப்பா ஃபில்டரும், வாடை புடிக்கிற ஆக்டிவேட்டட் கார்பன் தடிமனாவும் உள்ளதா பாத்து மாத்திக்கோங்க.

கேள்வி: ரூம்ல டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் இருந்தா பரவாயில்லையா?

ஓரிரு தடவைக்கு ஒன்னும் ஆகாது. அடிக்கடி போட்டா ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் வெடிக்கும், துணி எலாஸ்டிக் தொளதொளன்னு ஆகும், சாயம் வெளுக்கும். தூக்க முடிஞ்சதைத் தூக்கி வெளிய வச்சுடுங்க, முக்கியமா தோல் சாமானும் பழைய ஃபோட்டோவும்.

கேள்வி: மீன் தொட்டியைத் துணி போட்டு மூடிட்டா போதுமா?

போதாது. அந்த ஏர் பம்ப் ரூம் காத்தைத்தான் இழுத்துத் தண்ணிக்குள்ள விடுது. தொட்டியை பம்ப்போட சேத்து வெளிய மாத்துங்க, முடியாத அளவு பெரிய தொட்டின்னா அந்த ரூமுக்கு ஓசோன் வேணாம், ஃபேனும் திறந்த ஜன்னலும்தான்.