பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஃபோன் பார்த்துக் கொடுக்கும் அளவுக்குப் போர்ச்சுகீசு கற்க முடியுமா?

முடியும். பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன். எதிர்வீட்டுக்குப் பிரேசில் குடும்பம் ஒன்று குடிவந்தது. மகன் காலையில் தொழிற்சாலைக்குப் போனால் இரவுதான் வருவார். அவருடைய அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, மலாயும் தெரியாது, பிரேசிலில் பேசும் போர்ச்சுகீசு மட்டும்தான். ஃபோன் மக்கர் பண்ணினால் என் கதவைத்தான் தட்டுவார்.

முதலில் ஒரு சொல் பட்டியலை எடுத்து மனப்பாடம் செய்தேன். அது போர்ச்சுகல் நாட்டுப் பட்டியல் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கைப்பேசிக்கு 'டெலிமோவெல்', கோப்புக்கு 'ஃபிஷெய்ரு' என்று நான் அடுக்க, பாட்டி விழித்தார். பிரேசிலில் அவை 'செலுலார்', 'அர்கீவு'. மவுஸுக்குப் போர்ச்சுகலில் 'ராத்து', அதாவது எலியேதான். பிரேசிலில் மவுஸை மவுஸ் என்றே சொல்கிறார்கள். அதனால் உங்கள் ஆள் எந்த நாட்டுக்காரர் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர்களைவிட எனக்குக் கைகொடுத்தது ஒரு கேள்வி: 'உ கே அபரேஸி ந டேலா?' திரையில் என்ன தெரிகிறது? இதைக் கேட்டதும் பாட்டி விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஒருநாள் 'அர்மஸெனமெந்து ஷேயு' என்றார். சேமிப்பிடம் நிரம்பிவிட்டது. தேடிப் பார்த்தால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் வந்து குவிந்த 'போன் ஜியா' படங்கள். ரோஜாப்பூ, காப்பிக் கோப்பை, சூரிய உதயம். என் பெரியம்மா அனுப்பும் காலை வணக்கத்துக்கும் இதற்கும் எழுத்து மட்டும்தான் வேறு.

'த்ரவோ' என்றால் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அதற்கு மருந்து 'டெஸ்லீகா இ லீகா ஜி நோவு', அணைத்துவிட்டுத் திரும்பப் போடு. பாதி நோய் இதிலேயே போய்விடும். முடிந்ததும் 'டேவ் செர்த்து?' என்று கேட்டால் போதும், சரியாயிற்றா என்று அர்த்தம்.

ஆனால் வெறும் 'டெஸ்லீகா' நண்பனிடம் சொல்கிற தோரணை. வயதான அம்மாவிடம் 'அ சென்யோரா' சேர்த்து, 'அ சென்யோரா போஜி அபெர்தார் அக்கீ?' என்று கேட்க வேண்டும். நீங்கள் இங்கே அழுத்துகிறீர்களா? ஆணாக இருந்தால் 'உ சென்யோர்'. நீ, நீங்கள் பார்த்துப் பேசி வளர்ந்த நமக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

கஷ்டம் 'புஷா'வில் இருக்கிறது. காதில் ஆங்கில 'புஷ்' மாதிரி விழும், அர்த்தமோ இழு! இது தெரியாமல், வைஃபை வரவில்லை என்று பாட்டி வந்த அன்று, ஒரு பொத்தானைக் காட்டி 'புஷா, புஷா' என்றேன். அவர் திரையைப் பிடித்து இழுத்தார். நான் குரலை உயர்த்தினேன், அவர் இன்னும் பலமாக இழுத்தார். இழுத்த இழுப்பில் மேலிருந்து அறிவிப்புத் திரை இறங்கியது. பார்த்தால் ஏரோப்ளேன் மோட் போட்டிருந்தது. பாட்டி என்னை மேதை என்று நினைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

நீங்கள் ஒன்றும் தெரியாமல் தொடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியர்கள் மலாய்க்கு மேஜா (மேசை), ஜெண்டேலா (ஜன்னல்), கெஜு (பாலாடைக்கட்டி) எல்லாம் விட்டுப்போனார்கள். தமிழிலும் மேசை, ஜன்னல், சாவி, பொத்தான் அவர்கள் வழி வந்தவைதான். பொத்தானுக்கு 'பொத்தாவுங்', சாவிக்கு 'ஷாவி'. 'ஃபேஷா அ ஜனேலா' என்றால் ஜன்னலை மூடு. கணினியில் திறந்திருக்கும் ஜன்னலுக்கும் அதே சொல்.

கடைசியாக, 'செஞா'. கடவுச்சொல். 'நாவுங் ப்ரெஸீஸா மி ஃபலார் அ செஞா', என்னிடம் சொல்ல வேண்டாம் என்பதை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். நான் தாமதமாகக் கற்றேன். அதற்குள் பாட்டி வராந்தாவில் நின்றபடி, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்திருந்தார். அது பேரனின் பிறந்தநாள் என்று புரிகிற அளவுக்கு அப்போதே எனக்குப் போர்ச்சுகீசு எண்கள் வந்திருந்தன.