பி.எட். படிக்க அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. பட்டுக்கோட்டை அருகே கிராமம். பி.எஸ்சி. கணிதம், 68 சதவீதம். ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கெழுதுகிறேன், சம்பளம் 14,000. வீட்டுக்கு 6,000 கொடுக்கிறேன். ஒரு லட்ச ரூபாய் சீட்டு ஒன்றில் மாதம் 5,000 வீதம் 20 மாதத்தில் 11 மாதம் கட்டிவிட்டேன். வங்கியில் 40,000 இருக்கிறது. ஹைஸ்கூல் டீச்சர் ஆக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. சுயநிதிக் கல்லூரி ஒன்றில் இரண்டு வருடத்துக்கு 1,30,000 கேட்கிறார்கள். அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறார் அப்பா. இன்னொருவர், கல்லூரிக்கே போகாமல் வெளிமாநில பி.எட். வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எங்கள் ஊர் தனியார் பள்ளியில் கணித டீச்சருக்கு 13,000 தருகிறார்களாம். என்ன செய்யட்டும்?

பதில்: சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். அதைத் தொடாமல் படிக்க வழி இருக்கிறது.

நீங்கள் பார்ப்பது கல்லூரி கேட்கும் 1,30,000-ஐ. அதைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. வேலையை விட்டால் மாதம் 14,000 வீதம் இரண்டு வருடத்தில் 3,36,000 ரூபாய் கைக்கு வராது. பி.எட். 2015-ல் இரண்டு வருடப் படிப்பாக ஆனதிலிருந்து எல்லோருக்கும் இந்தக் கணக்கு இரட்டிப்பாகிவிட்டது. படிப்பை முடித்துத் தனியார் பள்ளியில் 13,000-க்குச் சேர்ந்தால், இன்று வாங்குவதைவிட ஆயிரம் குறைவு. பணக் கணக்கு மட்டும் பார்த்தால் அது நஷ்டம்தான். மனதைத் தேற்ற நான் வேறு மாதிரி எழுதக் கூடாது.

அரசுப் பள்ளி என்றால் கணக்கே வேறு. ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 36,400-ல் தொடங்குகிறது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. அடிப்படையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இன்றைய சம்பளத்தைவிட 22,400 கூடுதல். இழந்த 3,36,000 பதினைந்தே மாதத்தில் திரும்பிவிடும். ஆக, படிப்பு கட்டுப்படியாகுமா என்பது அதற்கு அப்புறம் எழுதும் தேர்வுகளைப் பொறுத்தது.

அந்தத் தேர்வுகள் எப்போது வரும் என்று யாராலும் கணக்குப் போட முடிவதில்லை. தமிழகத்தில் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், 2012-ல் நடந்தது, 2013-ல் நடந்தது, பிறகு 2017, 2019, 2022 அறிவிப்பு, 2025. அதில் பட்டதாரி ஆசிரியர்களுக்கானது இரண்டாம் தாள், நீங்கள் எழுத வேண்டியது அதுதான். பொதுப்பிரிவுக்கு 150-க்கு 90 மதிப்பெண், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குச் சலுகை உண்டு. சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் 2018-ல் வந்த அரசாணைக்குப் பிறகு டெட் தேர்ச்சி மட்டும் வேலை தராது. ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். அந்த முறையில் பட்டதாரி ஆசிரியர்களுக்கான தேர்வு 2024 பிப்ரவரியில்தான் நடந்தது. 2013-ல் டெட் பாஸ் செய்துவிட்டுப் பத்து வருடம் காத்திருந்தவர்களின் கண்ணீரை நான் பார்த்திருக்கிறேன். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பி.எட். முடித்த பிறகு காத்திருக்கும் காலத்துக்கும் கையில் பணம் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இருப்பதையெல்லாம் கல்லூரி வாசலிலேயே கொட்டிவிட்டால், அடுத்து கடன் வாங்கித்தான் காத்திருக்க வேண்டிவரும்.

அதனால் மலிவான இடத்தைத் தேடுங்கள். தமிழகத்தில் 7 அரசுக் கல்வியியல் கல்லூரிகளும் 14 அரசு உதவிபெறும் கல்லூரிகளும் இருக்கின்றன. கலந்தாய்வு மூலம் இடம். பட்டுக்கோட்டையில் தஞ்சாவூர் பஸ் ஏறினால் வழியிலேயே ஒரத்தநாடு, அங்கே ஓர் அரசுக் கல்வியியல் கல்லூரி இருக்கிறது. புதுக்கோட்டையிலும் ஒன்று. இவ்வளவு பக்கத்தில் இருப்பதை உங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லையே என்று எனக்கு வருத்தம். விண்ணப்பத் தேதி வருடத்துக்கு வருடம் மாறும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் சில ஆயிரங்களோடு முடியும். சீட்டுக்கு இன்னும் ஒன்பது தவணை, அதிகபட்சம் 45,000. மாலையில் வீட்டுத் திண்ணையில் எட்டு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுங்கள். தலைக்கு 500 என்றால் மாதம் 4,000, ஒன்பது மாதத்தில் 36,000. மீதி 9,000-ஐ வங்கியிலிருந்து எடுங்கள். பஸ், ரெக்கார்டு நோட்டு, சார்ட் அட்டை எல்லாவற்றுக்கும் 31,000 மிஞ்சும். கட்டணத்துக்காகச் சீட்டை இப்போதே ஏலத்தில் தள்ளி எடுத்துவிடாதீர்கள். கடைசிவரை பொறுத்தால் கமிஷன் போக 95,000 வாக்கில் வரும். அதை அப்படியே வங்கி வைப்பில் போடுங்கள். காத்திருக்கும் காலத்துக்கு அதுதான் உங்கள் சோறு.

ஒன்றே ஒன்று. வீட்டுக்குக் கொடுக்கும் 6,000 இரண்டு வருடம் நிற்கும். அப்பாவோடு பேச வேண்டியது நகையைப் பற்றி அல்ல, இதைப் பற்றித்தான். அந்த ஆறாயிரத்தில் எது மளிகை, எது மின்கட்டணம், எது பழைய கடனின் வட்டி என்று ஒரு தாளில் எழுதி, அம்மாவையும் கூட உட்காரவைத்துப் பேசுங்கள்.

கலந்தாய்வில் எங்குமே இடம் கிடைக்காவிட்டால், ஒரு வருடம் பொறுங்கள் என்பது என் கருத்து. சீட்டுப் பணமும் சேமிப்பும், சீட்டு முடிந்தபின் மிஞ்சும் மாதத் தொகையும் சேர்ந்து 1,50,000 ஆகிவிடும். சுயநிதிக் கல்லூரியில்கூடக் கடனில்லாமல் சேரலாம். 23 வயதில் ஒரு வருடம் போனால் பாதகமில்லை. பொறுக்கவே முடியாது என்றால் கல்விக்கடன் கேளுங்கள், நகைக்கடன் வேண்டாம். கல்விக்கடனில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் கழித்துத்தான் தவணை தொடங்கும். நகைக்கடனை வருடத்துக்குள் திருப்ப வேண்டும், அல்லது வட்டி கட்டி மறுஅடகு வைக்க வேண்டும். வருமானமே இல்லாத இரண்டு வருடத்தில் அதை எதைக்கொண்டு செய்வீர்கள்? நகை ஏலம் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

போகாமலே பி.எட். வாங்கித் தருகிறேன் என்பவரிடம் இன்னொரு முறை பேசக்கூட வேண்டாம். தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் விதிப்படி வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளியில் செய்யும் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். தொலைநிலை பி.எட்.கூட ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்குத்தான். என்னிடம் ஒரு தம்பி வந்தார். பிளாஸ்டிக் கவரில் வெள்ளைத்தாள் ரசீதுகள் நான்கு. முத்திரை இல்லை, கல்லூரி பெயர்கூட இல்லை, தொகையும் ஒரு கையெழுத்தும் மட்டும். மொத்தம் 1,60,000. மார்க் ஷீட் வரவே இல்லை. வந்திருந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் அது நின்றிருக்காது. அவர் அப்பா ஆடு விற்றுக் கொடுத்த பணம் அது. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

இன்னும் ஒரு வாசல் இருக்கிறது. பி.எட். முடித்து எங்காவது வேலை பார்த்துக்கொண்டே எம்.எஸ்சி. கணிதத்தைத் தொலைநிலையில் முடித்தால், மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் தேர்வை எழுதலாம். அதற்கு டெட் தேவையில்லை. 2025-ல் 1,996 இடங்களுக்கு அந்தத் தேர்வு நடந்தது. அடிப்படை ஊதியம் 36,900. மத்திய அரசின் ஆசிரியர் தகுதித் தேர்வான சிடெட்டை பி.எட். படிக்கும்போதே எழுதிவிடலாம், கேந்திரிய வித்யாலயாவுக்கு விண்ணப்பிக்க உதவும். கணிதம் படித்திருப்பதால் இளங்கலையோடே பி.எட். சேர முடிவது உங்களுக்கு ஒரு வசதி. பி.காம். படித்தவர்கள் முதுகலை இல்லாமல் இங்கே பி.எட். வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவரா நீங்கள்? அப்படியானால் அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்குப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ்வழிச் சான்று வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் தலைமையாசிரியர் அறை முன் நிற்பார்கள். கடைக்கு வார விடுமுறை வரும் நாளில் உங்கள் தொடக்கப் பள்ளிக்கு ஒரு நடை போய், முதல் சான்றை வாங்கி வைத்துவிடுங்கள்.