தசை வெளுத்துவிட்டது, ஆனால் விதைத்த செல்கள் ஏன் சாகின்றன?

ஓர் ஆராய்ச்சி மாணவரின் கேள்வி: "பன்றி இதயத் தசையின் பழைய செல்களை நீக்கி, மிஞ்சும் கொலாஜன் சட்டகத்தில் புதுச் செல்களை வளர்க்கப் பார்க்கிறேன். தசையை மெல்லிய துண்டுகளாக்கி 1% எஸ்டிஎஸ் (செல்களைக் கரைக்கும் டிடர்ஜென்ட்) கரைசலில் இரண்டு நாள் வைத்தேன். நன்றாக வெளுத்தது. பிபிஎஸ்ஸில் (அலசப் பயன்படும் உப்புத் தாங்கல் கரைசல்) மூன்று முறை அலசிவிட்டு ஸ்டெம் செல்களை விதைத்தால் இரண்டே நாளில் எல்லாம் இறந்துவிடுகின்றன. என்ன செய்வது?"

மூன்று அலசல் போதவே போதாது. எஸ்டிஎஸ் புரதங்களோடு இறுக ஒட்டிக்கொள்ளும் டிடர்ஜென்ட், கொலாஜன் இழைகளுக்குள் தங்கிவிட்டுப் பிறகு மெதுவாகக் கசியும், அந்தக் கசிவே புதுச் செல்களின் சவ்வைக் கரைத்துவிடும். 2008-இல் ஆய்வாளர் டோரிஸ் டெய்லரின் குழு எலி இதயத்தில் செல்களை நீக்கியபோது எஸ்டிஎஸ் ஓடியது 12 மணி நேரம், கடைசி பிபிஎஸ் அலசல் மட்டும் 124 மணி நேரம். அந்த விகிதத்தைப் பாருங்கள். பலரும் செல் நீக்கும் கட்டத்தையே பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டு அலசலை அவசரமாக முடித்துவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம், வழக்கமான பிபிஎஸ்ஸில் பொட்டாசியம் உண்டு, அது எஸ்டிஎஸ்ஸோடு சேர்ந்தால் எளிதில் கரையாத உப்பாகத் திசுவுக்குள்ளேயே படியக்கூடும், குளிரறையில் வைத்து அலசினால் இன்னும் மோசம். அதனால் முதலில் அறை வெப்பத்தில் காய்ச்சி வடித்த நீர், அடுத்து 1% ட்ரைட்டான் எக்ஸ்-100 (எஸ்டிஎஸ்ஸைவிட மென்மையான டிடர்ஜென்ட்), அப்புறம்தான் பிபிஎஸ். குலுக்கியபடியே, அடிக்கடி புதிதாக மாற்றி, பல நாட்கள் அலசுங்கள். விதைப்பதற்கு முந்தைய இரவு சீரம் கலந்த மீடியத்தில் (செல் வளர்ப்புக் கரைசல்) ஊறவைப்பதும் நல்லது, சீரத்திலுள்ள அல்புமின் புரதம் மிச்ச எஸ்டிஎஸ்ஸைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். செல்லில்லாத துண்டு ஒன்றை மீடியத்தில் 37 டிகிரியில் ஒரு நாள் வைத்து, அந்த மீடியத்தைச் சாதாரணத் தட்டில் வளரும் செல்களுக்குக் கொடுங்கள், பக்கத்தில் துண்டு போடாமல் அதேபோல் வைத்த மீடியமும் இருக்கட்டும். முதல் தட்டில் மட்டும் செல்கள் செத்தால் ஏதோ கசிகிறது என்று உறுதி. மீடியம் மஞ்சளாக மாறினால் அமிலம் சேர்ந்திருக்கிறது என்று பொருள், கிருமி நீக்கப் பெரசெட்டிக் அமிலம் பயன்படுத்தியிருந்தால் அது மிச்சமிருக்கிறதா என்றும் பாருங்கள். மாறாக, செல்கள் ஓரத்தில் பிழைத்து நடுவில் மட்டும் செத்தால் அது நஞ்சின் வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு, ஆக்சிஜன் போய்ச் சேரவில்லை. ரத்தக்குழாய் இல்லாத திசுவில் அது சுமார் 100 முதல் 200 மைக்ரான் ஆழம் வரைதான் எட்டும்.

வெளுத்ததை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பரவலாக ஏற்கப்படும் அளவுகோல், உலர் எடையில் ஒரு மில்லிகிராமுக்கு 50 நானோகிராமுக்குக் குறைவான டிஎன்ஏ, அந்த டிஎன்ஏ துண்டுகளின் நீளம் 200 பேஸ் பேருக்குள், டிஎன்ஏவை ஒளிரச் செய்யும் டாபி சாயத்தில் செல்கருக்கள் எதுவும் தெரியக்கூடாது. மிச்ச டிஎன்ஏ தட்டில் இருக்கும் செல்களைப் பெரும்பாலும் கொல்லாது, உடலுக்குள் பொருத்தும்போதுதான் நோயெதிர்ப்பைத் தூண்டி வம்பு செய்யும். மிச்ச டிஎன்ஏவை வெட்ட டிஎன்ஏஸ் நொதி போடுவதென்றால் எஸ்டிஎஸ் நன்றாக வெளியேறிய பிறகு, நொதிக்குத் தேவையான மெக்னீசியம் உள்ள, அதைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ இல்லாத கரைசலில் போடுங்கள், இல்லையென்றால் நொதி காசுதான் வீண்.